வாழைக்காய்ப் பொடிமாஸ்: தொட்டுக்கொள்ளும் கறியா, சோற்றுக்கு மாற்றா?

அமாவாசைப் படையல், வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாடு, கல்யாணப் பந்தி என எதுவானாலும் இலையில் வாழைக்காய்க்கு ஓர் இடம் உண்டு. தோட்டத்து லயங்களின் பின்புறம் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்ற காலத்தில், கையில் காசு இல்லாத நாளிலும் குலையில் நான்கு காய் இருந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்த பிறகும் பசாரில் அந்தக் காயைத் தேடி வாங்கும் பழக்கம் நம் குடும்பங்களை விட்டுப் போகவில்லை.

பழக்கம் மாறாவிட்டாலும் சமைக்கும் முறையும் உண்ணும் அளவும் மாறிவிட்டன. இன்று வாழைக்காய் என்றாலே பல வீடுகளிலும் இலைச் சோற்றுக் கடைகளிலும் எண்ணெயில் மொறுமொறுவென்று எடுத்த வறுவல்தான். "காய்கறிதானே, எவ்வளவு சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை" என்ற எண்ணத்தில், குவித்த சோற்றுக்குப் பக்கத்தில் அதையும் குவித்துக்கொள்கிறோம். நீரிழிவு உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்த எண்ணத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது.

மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. முக்கிய இனங்களில் இந்தியர்களிடையேதான் அதன் விகிதம் மிக அதிகம். சிங்கப்பூர் அரசாங்கம் 2016இல் நீரிழிவின் மீது போர் என்றே அறிவித்தது. இந்நிலையில், தாத்தா பாட்டி காலத்து உணவு ஒன்றைச் சரியான முறையில் சமைத்து, தட்டில் சரியான இடத்தில் வைப்பது சிறிய விஷயமன்று. அதற்குப் பொருத்தமானது வாழைக்காய்ப் பொடிமாஸ். சில ஊர்க்காரர்கள் இதை வாழைக்காய்ப் புட்டு என்பார்கள். பொரித்தெடுக்கும் வேலை இல்லை. ஆவியில் வேகவைத்துத் துருவித் தாளிக்கும் எளிய பதார்த்தம் இது.

காய்கறி வரிசையில் சேராத காய்

பெயரில் 'காய்' இருந்தாலும், சத்தை வைத்துப் பார்த்தால் வாழைக்காய் கத்தரி, வெண்டையோடு சேராது. அரிசி, உருளைக்கிழங்கு, மரவள்ளி ஆகியவற்றின் வரிசையில்தான் அது வரும். காரணம் அதிலுள்ள மாவுச்சத்து. கத்தரிக்காயிலும் வெண்டைக்காயிலும் 100 கிராமுக்கு 6 அல்லது 7 கிராம் மாவுச்சத்துதான் இருக்கும். வாழைக்காயில் அது வகைக்கு வகை மாறும். சாதாரணக் கறிவாழையில் இந்தக் காய்களைப் போல் இரண்டு மடங்கு. நீண்ட கொம்பு வாழை வகையில் 35 கிராம் வரை போகும். வெந்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் இருக்கிறது. ஆக, வாழைக்காய் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி என்பதைவிடச் சோற்றுக்கே ஒரு பங்காளி என்பதுதான் பொருத்தம்.

இதனால் வாழைக்காய் கெட்டது என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. அதில் நார்ச்சத்து, பொட்டாசியம், பி6 வைட்டமின் ஆகியவை உண்டு. பழுக்காத நிலையில் அதன் மாவில் ஒரு பகுதி, சிறுகுடலில் எளிதில் செரிக்காத வகையைச் சேர்ந்தது. அந்த மாவு பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அது சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறுவதில்லை. காய் பழுக்கப் பழுக்க மாவு சர்க்கரையாக மாறிவிடும். கறிக்குப் பச்சைக் காயைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் வலம் வரும் செய்திகளில் 'வாழைக்காய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும்' என்ற பாணியில் பல உண்டு. செரிக்காத மாவு அதிகம் இருப்பது பச்சையான, வேகாத காயில்தான். வேகவைத்ததும் அதில் பெரும் பகுதி எளிதில் செரிக்கும் மாவாகிவிடுகிறது. ஆறவைத்தால் ஒரு சிறு பகுதி மீண்டும் இறுகிச் செரிக்காத நிலைக்குத் திரும்பும். இது உதவிதான், ஆனால் மருந்தாகாது. வாழைக்காயை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

இரு மண்ணின் பிள்ளை

வாழை நமக்கு ஊரிலிருந்து வந்தது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் இன்றைய வாழைகள் இரு காட்டு வாழைகளின் வாரிசுகள். ஒன்று தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது; அதன் ஒரு கிளை மலாயாக் காடுகளில் இன்றும் தானாக வளர்கிறது. 2012இல் விஞ்ஞானிகள் வாழையின் மரபணுத் தொகுதியை முதன்முதலாக முழுமையாக வாசித்தபோது எடுத்துக்கொண்ட செடியின் பெயரே 'பகாங்'. மற்றொன்று இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை பரவிய, வறட்சியைத் தாங்கும் வாழை. கறிக்கு ஆகும் மொந்தன் போன்ற வகைகளில் இந்த இரண்டாவதன் பங்கு கூடுதல். மாவு நிறைந்து, வெந்தாலும் எளிதில் குழையாமல் நிற்பது இவ்வகைகளின் குணம்.

இந்நாட்டுப் பசாரில் மொந்தனைப் பெயர் சொல்லிக் கேட்டால் எல்லா இடத்திலும் கிடைக்காது. பீசாங் அபு, பீசாங் நங்கா போன்றவை பச்சையாகக் கிடைக்கும்போது கறிக்கு நன்றாகப் பொருந்தும். தின்பதற்கான பீசாங் மாஸ், பெராங்கான், ரஸ்தாளி ஆகியவற்றின் பிஞ்சுகள் சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் பொடிமாஸுக்கு உகந்தவை அல்ல. நம் மலாய் அண்டை வீட்டார் இளம் வாழைக்காயைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து 'மாசாக் லெமாக் பீசாங் மூடா' செய்வார்கள். ஆகவே, கறிக்கு ஆகும் காய் எது என்று காய்கறி விற்கும் மாக்சிக்கிடம் கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

வாங்கும்போது முழுப் பச்சை நிறமும், கையில் அழுத்தினால் கல் போன்ற உறுதியும் இருக்க வேண்டும். காம்பு பக்கம் மஞ்சள் தட்டியிருந்தால் இனிப்பு ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் வெப்பத்தில் காய் இரண்டு மூன்று நாளில் நிறம் மாறும். எனவே தேவைக்கு மட்டும் வாங்குவது நல்லது.

தேவையான பொருள்கள் (நால்வருக்கு)

- நடுத்தர அளவு வாழைக்காய் – 3
- சின்ன வெங்காயம் – 10, பொடியாக நறுக்கியது
- பச்சை மிளகாய் – 2
- இஞ்சி – கட்டைவிரல் நுனி அளவு, துருவியது
- காய்ந்த மிளகாய் – 2
- கடுகு – 1 தேக்கரண்டி
- உளுத்தம் பருப்பு, கடலைப் பருப்பு – தலா 1 தேக்கரண்டி
- பெருங்காயத் தூள் – இரண்டு சிட்டிகை
- மஞ்சள் தூள் – கால் தேக்கரண்டி
- கறிவேப்பிலை – 2 கொத்து
- தேங்காய்த் துருவல் – 2 மேசைக்கரண்டி
- எலுமிச்சை – பாதி
- எண்ணெய் – 3 தேக்கரண்டி
- உப்பு – அரைத் தேக்கரண்டி

விரத நாளில் வெங்காயத்தை விட்டுவிடலாம். இஞ்சியைச் சற்றுக் கூட்டினால் சுவை குறையாது.

செய்முறை

முதலில் காயைத் தோலோடு கழுவி, இரு முனைகளையும் நறுக்கிவிட்டு, குறுக்கே இரண்டாக வெட்டவும். தோலை இப்போது சீவ வேண்டாம். பச்சையாகச் சீவினால் வடியும் பால் கையில் ஒட்டும். துணியில் பட்டால் கறை போகாது. காயும் காற்றுப் பட்டுக் கறுக்கும். தோலோடு வேகவைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீரில் கரையும் சத்தும் காயிலேயே தங்கும்.

இட்லிச் சட்டியில் தண்ணீர் கொதித்ததும் துண்டுகளைத் தட்டில் அடுக்கி மூடி, 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வைக்கவும். தோலின் பசுமை மங்கிப் பழுப்பாகும். கத்தி நுனியால் குத்தினால் உள்ளே இறங்க வேண்டும். ஆனால் நடுவில் சற்றே தடுக்க வேண்டும். அதுதான் பதம். தடையே இல்லாமல் இறங்கினால் காய் குழைந்துவிட்டது. அதைத் துருவினால் பொடியாக உதிராமல் களியாகத் திரளும். குக்கரில் விசில் வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்.

வெந்த துண்டுகளை எடுத்து முழுமையாக ஆறவிடவும். பொடிமாஸ் நன்றாக அமைவதும் அமையாததும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. சூடான காயில் மாவு நீரை உறிஞ்சி ஊதிப்போய்ப் பிசுபிசுவென்று இருக்கும். ஆறும்போது அது இறுகும். துருவினால் பூப்போல உதிரும். அவசரம் இல்லாதவர்கள் முதல் நாள் இரவே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். மேலே சொன்ன செரிக்காத மாவு சற்றுக் கூடுவதும் இந்தக் குளிர்ச்சியில்தான். மறுநாள் சூடாக்கினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை.

ஆறிய காயின் தோலை உரித்து, பெரிய துளையுள்ள துருவியில் துருவவும். மஞ்சள் தூளையும் உப்பையும் அதன்மேல் தூவி விரல் நுனியால் பிசறி வைக்கவும். அழுத்திப் பிசையக்கூடாது.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு போட்டு வெடிக்கவிடவும். உளுத்தம் பருப்பும் கடலைப் பருப்பும் பொன்னிறமானதும் காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை சேர்க்கவும். அடுத்து இஞ்சி, பச்சை மிளகாய், வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் துருவலைப் போட்டு, மெல்லிய தீயில் இரண்டு மூன்று நிமிடம் அடியிலிருந்து மேலாகப் புரட்டவும். காய் ஏற்கெனவே வெந்திருப்பதால் இங்கே அதிக நேரம் தேவையில்லை. தண்ணீர் தெளிக்கவே கூடாது.

அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கிளறினால் பொடிமாஸ் தயார். சாற்றை அடுப்பில் வைத்துக்கொண்டே ஊற்றினால் மணம் போய்ச் சற்றுக் கசக்கும். புளிப்பு இருந்தால் குறைந்த உப்பே போதுமானதாகத் தோன்றும் என்பதும் கவனிக்க வேண்டியது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் உப்பு 5 கிராமுக்கும் குறைவு. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி.

பெருங்காயமும் இஞ்சியும் ஏன்?

வாழைக்காய் வாயு என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. செரிக்காத மாவும் நாரும் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது வாயு உண்டாவது இயல்பு. பழக்கம் இல்லாத வயிற்றுக்கு அது உப்புசமாகத் தெரியும். அதற்காகத்தான் நம் சமையலில் வாழைக்காயோடு பெருங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு ஆகியவற்றில் ஒன்றாவது கட்டாயம் சேரும். வயதானவர்களுக்கு முதலில் சிறிய அளவில் கொடுத்து, வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துக் கூட்டலாம்.

துவர்ப்பான காய் வயிற்றுப்போக்கைக் கட்டும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் உண்டு. வங்காளதேசத்தில் நீடித்த வயிற்றுப்போக்கு கொண்ட குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காயை உணவில் சேர்த்தபோது பலன் கிடைத்ததாக 2001இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு காட்டியது. அது மருத்துவக் கண்காணிப்பில், உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும் சிகிச்சையோடு நடந்தது. வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கிளினிக்கும்தான். மலச்சிக்கல் உள்ளவர்கள் வாழைக்காயை அளவோடு, கீரையும் தண்ணீரும் கூட்டி உண்பது நல்லது.

தட்டில் அதன் இடம்

மலேசியச் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டு பலருக்கும் தெரிந்ததே. கால் பங்கு சோறு அல்லது வேறு மாவு உணவு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். சிங்கப்பூரில் சொல்லும் தட்டின் கணக்கும் ஏறக்குறைய இதுவே.

நம் வீடுகளில் பிழை நேர்வது இந்தக் கணக்கில்தான். வாழைக்காயை அரைப் பங்குக் காய்கறியில் சேர்த்துவிடுகிறோம். அது சேர வேண்டியது சோற்றின் கால் பங்கில். சோறு, வாழைக்காய் வறுவல், உருளைக்கிழங்குக் கறி, அப்பளம் என்று ஒரு தட்டு அமைந்தால், பார்வைக்கு நான்கு வகை. உடலுக்கு நான்கும் மாவு.

நினைவில் வைக்க எளிய வழி உண்டு. ஒரு கரண்டி பொடிமாஸ் வைத்தால் ஒரு கரண்டி சோற்றை எடுத்துவிட வேண்டும். விரும்பினால் சோற்றை முழுவதும் விட்டு, ஒரு கோப்பைப் பொடிமாஸையே கால் பங்காக வைத்து, பக்கத்தில் கீரை, கங்கோங், பயற்றங்காய், முட்டைக்கோஸ் இவற்றில் இரண்டும், மீன், முட்டை, தௌஹு, தெம்பே இவற்றில் ஒன்றும் சேர்த்தால் நிறைவான இரவு உணவு ஆகிவிடும்.

வீட்டில் சர்க்கரை அளவு பார்க்கும் கருவி வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே சோதித்தறியலாம். வழக்கமான சாப்பாட்டுக்கு முன்பும், உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறொரு நாள் சோற்றைக் குறைத்துப் பொடிமாஸ் உண்டு அதேபோல் குறிக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் தம் உடலுக்கு எவ்வளவு ஏற்றது என்பது தெரிந்துவிடும். அந்தக் குறிப்பை அடுத்த முறை கிளினிக்குக்குக் கொண்டுபோனால் மருத்துவருக்கும் உதவும்.

எண்ணெய்க் கணக்கும் சொல்லத்தக்கது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. மேலே சொன்ன முறையில் நால்வருக்கும் சேர்த்தே ஒரு மேசைக்கரண்டிதான் ஆகிறது. பொரித்த வறுவலில் காய் உறிஞ்சும் எண்ணெய் இதைப் போல் பல மடங்கு. விடியும் முன் எழுந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பால்மரம் வெட்டிய உடம்புக்கு அது செரித்தது. நாற்காலியிலும் காரிலும் நாளைக் கழிக்கும் உடம்புக்கு அதே வறுவல் பாரம்.

இதே காயில் இன்னும் சில

அசைவம் உண்பவர்கள் தாளிப்பில் ஒரு பிடி நெத்திலியைச் சேர்க்கலாம். நெத்திலியைத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிவிட்டால் உப்புக் குறையும்; அதன்பின் பொடிமாஸில் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. சோற்றைக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் இதை மறுக்கமாட்டார்கள்.

பாசிப்பருப்போடு வேகவைத்துச் சீரகம் அரைத்துவிட்டால் வாழைக்காய்க் கூட்டு. பருப்பின் புரதம் சேர்வதால் சைவக்காரர்களுக்கு இது பொருத்தம். வேகவைத்து உரித்த தோலையும் எறிய வேண்டாம். பொடியாக நறுக்கி, உளுந்து, காய்ந்த மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். அதற்குக் காயை உப்பு நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும்.

மிச்சமாகும் என்று தெரிந்தால் தேங்காய் சேர்க்கும் முன்பே ஒரு பகுதியை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். நம் வெப்பத்தில் தேங்காய் சேர்த்த பதார்த்தம் விரைவில் ஊசிப்போகும். காலை வேலைக்குக் கட்டிக்கொண்டு போவோர் தேங்காய் இல்லாமல் செய்வதே பாதுகாப்பு.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

வாழைக்காயில் பொட்டாசியம் அதிகம். ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவருக்கு அது நன்மை. இரத்த அழுத்தத்துக்கும் நல்லது. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு அந்தப் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரின் சிறுநீரகம் கெடுவதற்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. ஆகவே 'சர்க்கரைக்கு நல்லது' என்று கேள்விப்பட்டு வாழைக்காயைக் கூட்டுபவர்களில் சிலருக்கு அதுவே தீங்காகலாம்.

டயாலிசிஸ் செய்பவர்கள், சிறுநீரகக் குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்கள் ஆகியோர் மருத்துவரிடமோ மருத்துவமனை உணவியல் நிபுணரிடமோ கேட்காமல் வாழைக்காய் உண்ணக்கூடாது. அளவோடு உண்ண அனுமதி கிடைத்தால், அவர்களுக்கு ஆவி முறை ஆகாது. தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். மற்றவர்களுக்குச் சத்தைக் காக்கும் ஆவி, இவர்களுக்கு எதிராக வேலை செய்கிறது என்பதை வீட்டில் சமைப்பவர் அறிந்திருப்பது அவசியம்.

ஒரே வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று இருந்தால் இரண்டு பாத்திரம் வைப்பதில் சிரமம் அதிகம் இல்லை. மூன்று காயில் ஒன்றைத் தண்ணீரில் வேகவைத்து இறுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டை இட்லிச் சட்டியில் வைக்கலாம். தாளிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். முதலில் காய் போட்டுப் புரட்டும்போதே அவரவர் பங்கைப் பிரித்துவிட்டால், குடும்பம் முழுவதும் ஒரே பதார்த்தத்தைச் சேர்ந்து உண்ணலாம்.